ஐயாத்துரை எண்ணிட்ட இருபத்து மூன்று கற்கள்

சென்ற வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஐயாத்துரைக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. அவர் மனைவி முத்துலட்சுமி கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஐயாத்துரை இறந்து அன்றோடு பத்தொன்பது நாள். கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் அருகே பெயர்த்தெடுக்கப்பட்ட கற்கள் குறித்து அவர் கொடுத்த மனுவை முடித்துவைக்கப் போவதாக அது சொல்கிறது. காரணம் ஒரே வாக்கியம்: "மேற்படி கற்களில் மனுதாரரே எண்கள் இட்டு, அகற்றுவதற்கு அடையாளம் செய்துள்ளார்." ஆட்சேபணை இருந்தால் மனுதாரர் வரும் மாதம் முதல் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு உரிய ஆதாரங்களுடன் நேரில் ஆஜராக வேண்டும்.

முத்துலட்சுமி வாரிசுச் சான்று கேட்டு, கணவரின் இறப்புச் சான்றிதழை இணைத்து மனு கொடுத்திருப்பது அதே கட்டடத்தில், அதே மாடியில். அந்த மேசைக்கும் இந்தக் கடிதம் தட்டச்சான மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன் இருக்கிறது.

அவர் இறந்த செய்தி எனக்கு முத்துலட்சுமியின் தொலைபேசியில்தான் வந்தது. காலை வேலைக்குப் போகப் படப்பையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர், நின்ற இடத்திலேயே சரிந்திருக்கிறார். ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "அண்ணாச்சி, அவுக போய்ட்டாக" என்றார் முத்துலட்சுமி. மருத்துவர் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவர்மீது போட்ட வழக்குதான் அவரைக் கொன்றது என்று துக்கத்துக்கு வந்தவர்களில் பலர் சொன்னார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். மருத்துவர் எழுதாததை எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் குற்றவாளி என்ற வாக்கியம் கோப்பில் இருக்கும்போதே இறந்தார். அதை எழுதலாம்; அது நிரூபிக்கப்பட்ட உண்மை.

ஐயாத்துரையை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது எங்கள் நாளிதழின் ஒரு பிழை. வடக்கு கிரேக்கத்தில் ஆம்பிபோலிஸ் என்ற ஊரில், ஒரு பெரிய மண்மேட்டுக்கு அடியில் இருந்த பழைய கல்லறைக்குள் அகழாய்வாளர்கள் நுழைந்த ஆண்டு அது. உள்பக்கத்தில் நான்கு பத்திச் செய்தி போட்டோம். மேட்டைச் சுற்றியுள்ள பளிங்குச் சுவரின் சுற்றளவு ஏறத்தாழ அரை கிலோமீட்டர். நாங்கள் விட்டம் என்று அச்சிட்டுவிட்டோம். மறுநாள் மாலை, முதல் ஷிப்டு முடித்து, சட்டைப்பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம்.

"விட்டமே அரைக் கிலோமீட்டர்னா, சுத்தி வர ஒன்றரைக் கிலோமீட்டர் ஆயிரும் அண்ணாச்சி. அம்புட்டுப் பெரிய சமாதிய செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ளதான் கட்டணும்" என்றார். சிரிக்கவில்லை. திருத்தம் எப்போது வரும் என்று கேட்டார். மறுநாள் வந்தது. வந்ததைப் பார்த்துவிட்டு, திருத்தம் போட்ட எழுத்து செய்தி போட்ட எழுத்தைவிடச் சிறியதாக இருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்டார். முப்பது ஆண்டு பத்திரிகை வேலையில் அதைக் கேட்ட ஒரே வாசகர் அவர்தான்.

பிள்ளைப்பாக்கத்தில் அவர் குடியிருந்தது ஓர் அறையும் சமையலறையும் மட்டும் உள்ள வீடு. முதல்முறை நான் அங்கே போனபோது, கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கல்லறை இருந்தது. உதிரிபாகங்களுக்கு உறையாக வரும் வெள்ளை நுரை அட்டையைச் செதுக்கிச் செய்திருந்தார். மேடு முழுவதும் நூற்றில் ஒரு பங்கு. உள்ளே உள்ள அறைகள் தனியாக, இருபதில் ஒரு பங்கு. கழிவு அட்டையை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவர ஒவ்வொரு முறையும் கேட் பாஸ் வாங்கியிருக்கிறார். அத்தனை பாஸ்களையும் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

படிகளில் இறங்கினால் வாசல். வாசலுக்கு மேலே, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு ஸ்பிங்க்ஸ்கள்: சிங்க உடல், பறவைச் சிறகு, பெண்தலை. அடுத்த வாசலில் தூண்களின் இடத்தில் இரண்டு பெண் சிலைகள், உள்ளே வராதே என்பதுபோல ஆளுக்கு ஒரு கையை நீட்டியபடி. அதைத் தாண்டியதும் தரையில் கூழாங்கல் ஓவியம்: பாதாளத்து அரசன் ஒரு பெண்ணைத் தேரில் தூக்கிப்போகிறான். அந்த ஓவியத்தை ஐயாத்துரை மோல்டிங் பிரிவில் மிஞ்சிய பிளாஸ்டிக் குருணையில் செய்திருந்தார். குதிரைகளுக்கு வெள்ளை, தேர்க்காரனின் தாடிக்கு ஹெட்லைட் அடிப்பாகத்தின் பழுப்பு. கடைசி அறையின் தரைக்கு அடியில் எலும்புகள் கிடந்த குழி. ஐந்து பேருடைய எலும்புகள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் இன்றுவரை அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். "வாடகை வூட்ல சமாதி கட்டிகினு கீறியேப்பா, உனுக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்றார். ஆள் இல்லாத சமாதிதான் அக்கா, எலும்பையெல்லாம் லேபுக்குக் கொண்டுபோயாச்சு என்றார் ஐயாத்துரை. அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்து, சிலைகளின் கூந்தலைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் செய்த ஸ்பிங்க்ஸ்களுக்குத் தலை இல்லை. ஒரு பெண் சிலைக்கு முகம் இல்லை. தேருக்கு நடுவே வட்டமாக ஒரு வெற்றிடம். கிடைத்தபோது அவை அப்படித்தான் இருந்தன. பிறகு ஒரு தலை உள்ளறையில் கிடைத்தது என்று செய்தி வந்த வாரம், அவர் ஒரே ஒரு தலையைச் செய்து, உரிய ஸ்பிங்க்ஸின் கழுத்தில் பொருத்தினார். இன்னொன்றுக்கும் அதே மாதிரி செய்துவிட்டால் என்ன, பார்க்க நன்றாக இருக்குமே என்றேன். "அளக்காதத வரையக் கூடாது அண்ணாச்சி" என்றார். ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த குரல்தான். லைன் நின்றுவிடும் என்று சூப்பர்வைசர் கத்தும்போதும் வெர்னியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இதே குரலில்தான் பேசுவார் என்று அவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கல்லறையை மண்ணால் நிரப்பி, வாசல்களைக் கல்லடுக்கிச் சுவர்வைத்து அடைத்திருந்தார்கள். அதைச் செய்தது யார் என்பதும் தீராத கேள்வி. அதை அடைத்தவர்கள்மீது ஐயாத்துரைக்கு மிகுந்த மரியாதை. "கட்டுனவன விடுங்க. மூடி வச்சான் பாருங்க, அவன்தான் காப்பாத்துனவன்" என்பார்.

பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் ஒரு கல்வட்டம் இருப்பதை அவர் கண்டது தற்செயல். கல்வட்டம் போன்ற இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள் இந்தப் பக்கம் முழுவதும் இருந்தவை. இப்போது கிடங்குகளுக்கு அடியில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அந்த இடத்தைப் பாண்டவக்குழி என்பார்கள். மாடு மேய்ப்பவர்கள்கூடக் கல்லைத் தாண்டி உள்ளே போக மாட்டார்கள். ஐயாத்துரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எஃகு நாடாவோடு போய் அளந்தார். இருபத்து மூன்று கற்கள். அவற்றில் இருபது, நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருந்தன. என்னை வரவழைத்து அந்த நடுப்புள்ளியில் நிற்க வைத்தார். "கிரேக்கத்துக்காரன் பளிங்கு போட்டான், நம்ம ஆளு பாறை போட்டான். ஆனா ரெண்டு பேரும் நடுவுல ஒரு முளைய அடிச்சு, கயிறக் கட்டித்தான் சுத்தி வந்திருக்கான். நீங்க நிக்கிறது அந்த முளை இருந்த எடம்" என்றார். நான் காலை எடுத்துக்கொண்டேன்.

அந்த நிலம் ஒரு கிடங்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஐயாத்துரை தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார். கிடங்கு கட்ட வேண்டாம் என்று அவர் எங்கும் கேட்கவில்லை. அந்த மனுவைப் பத்து முறை படித்தவன் என்பதால் சொல்கிறேன். கல்வட்டத்தை மணலால் மூடி, மேலே லாரி நிறுத்துமிடம் வைத்துக்கொள்ளலாம், ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டியதில்லை என்று வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார். வந்த பதில் இரண்டு வரி: அந்த இடத்தில் இருப்பவை இயற்கையான பாறைகள், தொன்மை எதுவும் இல்லை. பதில் எழுதியவர் அந்த இடத்துக்குப் போனதற்குக் கோப்பில் எந்தக் குறிப்பும் இல்லை.

இதைச் செய்தியாக்க, ஒரு வெள்ளிக்கிழமை மாலை புகைப்படக்காரரோடு அங்கே போனேன். ஐயாத்துரை ஒவ்வொரு கல்லிலும் கட்டைவிரல் அளவு காகித நாடா ஒட்டி, பேனாவால் எண் எழுதியிருந்தார். படத்தில் தெரியாது என்றார் புகைப்படக்காரர். நான் ஐயாத்துரையிடம் சொன்னேன்: "பேப்பர்ல தெரியணும் ஐயாத்துரை. பெருசா எழுதிடுங்க."

"கல்லு மேலயா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

துடைத்தால் போய்விடும் என்றேன். போகுமா என்று எனக்குத் தெரியாது. அவர் பக்கத்துக் கல்லை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்தார். அவர் ஆலையில், அளந்து சரி என்று கண்ட பாகத்துக்கு மஞ்சள் குறி வைப்பார்கள். சிவப்பு வைத்தால் கழிவு. ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை, ஒரு சாண் உயர எழுத்தில், அவர் மஞ்சளால் எழுதினார். படம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நன்றாகவே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை.

பொக்லைன் ஓட்டியவர் ஏகாம்பரம். பிள்ளைப்பாக்கத்துக்காரர்தான், அவர் அப்பா பயிர்வைத்த நிலத்தில் இன்று ஒரு ஆலையின் வாகனக் கூடம் இருக்கிறது. நானும் ஐயாத்துரையும் அவரைத் தேடிப்போனோம். நான் கோபத்தோடுதான் போனேன். அவர் ஒளிக்கவில்லை.

"இன்னா சார் நீங்க? நம்பர் போட்டா எடுக்கணும்னுதான அர்த்தம்? ரோடு அகலம் பண்ண சொல்லோ புளியமரத்துக்கெல்லாம் இப்டிதான் நம்பர் போட்டானுங்க. ஒன்னுலேர்ந்து வரிசையா சாய்ச்சோம். இதுலயும் ஒன்னுலேர்ந்து இருபத்தி மூணு வரிக்கும் கீது. வரிசையா எடுத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, ஐயாத்துரையைப் பார்த்துச் சொன்னார்: "பாண்டவக்குழின்னு எங்காளுங்க அத்த தொடவே மாட்டாங்க சார். நம்பர் மட்டும் இல்லாங்காட்டி எறங்கிப் போயிருப்பேன். நம்பர் போட்டு கீதே, கவர்மெண்டே பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

திரும்பும் வழியில் ஐயாத்துரை ஏகாம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லை. என்னைப் பற்றியும் பேசவில்லை. ஆலையில் நாங்கள் ஒரு நிறத்துக்கு ஒரு பொருள் வைத்திருந்தோம், சாலைப் பணியாளர்கள் எண்ணுக்கு ஒரு பொருள் வைத்திருந்தார்கள், அதை யோசிக்காமல் விட்டது பரிசோதகரின் தப்பு என்றார். தப்பு பரிசோதகருடையது அல்ல, எழுதச் சொன்னவன் நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொது இடத்தில் அத்துமீறி நுழைந்து கற்களைச் சேதப்படுத்தியதாக அவர்மீது தாலுகா அலுவலகம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. கவனியுங்கள்: கற்களைப் பெயர்த்தவர்கள்மீது அல்ல, பெயர்க்கச் சொன்னவர்கள்மீது அல்ல, பெயின்ட் அடித்தவர்மீது. பெயர்ப்பதற்கு முந்தின மாதம் அவை இயற்கையான பாறைகள். பெயர்த்த பிறகு அவை சேதப்படுத்தினால் குற்றமாகும் கற்கள். இரண்டையும் எழுதியது ஒரே அலுவலகம். இயற்கையான பாறைக்கு யார் எண் போட்டால் என்ன? தொன்மையான கல் என்றால் பெயர்த்தவர்கள் எங்கே? இந்த இரண்டு கேள்விகளையும் நான் கேட்டேன், எழுத்தில் கேட்டேன். பதில் இல்லை.

எங்கள் நாளிதழில் மூன்று வரிச் செய்தி வந்தது: கற்களுக்கு எண் போட்டவர்மீது வழக்கு. அதை எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் சிறுவர் அல்ல, புதியவர் அல்ல, எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்பவர். அவரிடம் கேட்டால், காவல் நிலையம் கொடுத்ததைப் போட்டேன் என்றார். திருத்தம் எழுதியிருக்க வேண்டியவன் நான். விசாரணையில் இருக்கும் விஷயம் என்று சொல்லிக்கொண்டேன். விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் ஒரே நாளில் திருத்தம் போட்ட நாளிதழ், அதைப் போட வைத்த மனிதருக்குத் திருத்தம் போடவில்லை.

அவரை நான்கு முறை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். நான்கும் வேலை நாள். ஆலை நிர்வாகம் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றது. சின்னப் பட்டறை ஒன்றில் ஒப்பந்த வேலைக்குப் போய், பட்டறைக்குப் பக்கமாகப் படப்பைக்குக் குடி மாறினார். எண் எழுதச் சொன்னது யார் என்று கேட்டபோது, யாரும் சொல்லவில்லை, நானே எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை எனக்குச் சொன்னது முத்துலட்சுமி. ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று நான் ஐயாத்துரையிடம் கோபப்பட்டேன். கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று அவர் கேட்கவில்லை. "அளந்தவன் பேருதான அண்ணாச்சி ரிப்போர்ட்டுல வரணும்" என்றார்.

கடைசி ஐந்து மாதங்கள் அவர் அந்தக் கற்களைத் தேடினார். ஆம்பிபோலிஸ் மேட்டின் பளிங்குச் சுவரிலிருந்தும் பெரும்பகுதிக் கற்களை ரோமானியர் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றில் பலவற்றைத் தொலைவில், ஆற்றோரத்தில் கிடந்தவற்றிலிருந்து அளவையும் வெட்டையும் வைத்து அடையாளம் கண்டதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். "கல்லு எங்கன போனாலும் அளவு மாறாது" என்றார் ஐயாத்துரை. எங்கே கொட்டினோம் என்பதைச் சொன்னவர் ஏகாம்பரம். ஏரிக்குப் போகும் ஒரு வரத்துக் கால்வாயின் கரையில், மண் அரிக்காமல் இருக்கப் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் இருவரும் போனார்கள். ஒருவர் கடப்பாரையால் புரட்டினார், ஒருவர் நாடா பிடித்தார். "உன்னோட பெயின்ட்டு சோப்பு போட்டாலும் போவாது போல கீதேபா" என்று ஏகாம்பரம் கேலி செய்வாராம். துடைத்தால் போய்விடும் என்று நான் சொன்ன மஞ்சள், ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீரில் கிடந்தும் போகவில்லை. பதினேழு கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் நீள அகல உயரமும், பெயர்ப்பதற்கு முன் அவர் எடுத்த அளவோடு ஒத்துப்போனது. அந்த அட்டவணையோடு, கற்களைப் பழைய இடத்தில் வைத்து மணலால் மூடக் கேட்டு அவர் கொடுத்த மனுவைத்தான் இப்போது முடித்துவைக்கப் பார்க்கிறார்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை மூன்று. தலை இல்லாத ஸ்பிங்க்ஸ். முத்துலட்சுமி எடுத்துக்கொடுத்தார், உள்ளங்கையில் அடங்கும். அட்டவணையின் மூலப் பிரதி. எண்களை யார் எழுதச் சொன்னார்கள் என்பதற்கு நிலையத்தில் அவர் எழுதிக் கொடுத்த பொய்யான பதிலின் நகல். அதை நான் வைத்திருக்கப் போவதில்லை. மஞ்சள் எண்கள் என் சொல்லின்பேரில், புகைப்படத்துக்காக எழுதப்பட்டவை, அகற்றுவதற்கு அல்ல என்று நாள், நேரம், உடன் இருந்தவர் பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த அஞ்சலி, வழக்குச் செய்தி வந்த அதே எழுத்து அளவில் அல்ல, அதைவிடப் பெரிதாக வர வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியவில்லை.

முதல் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மனுதாரர் நேரில் ஆஜராக முடியாது. முத்துலட்சுமி வருகிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏகாம்பரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன். கற்களில் ஆறு இன்னும் கிடைக்கவில்லை: 4, 9, 10, 16, 18, 21. கால்வாய்க் கரையின் வடபக்கத்தில் பாதி தூரம் இன்னும் புரட்டப்படாமல் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.